நோட்டீஸ் டூ

மச்சான்,

நீ செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சாப்பாடு சொல்லலாமென்று, காலையில் மன்னாரிலுள்ள ஒரு கடையின் இணையத்தளத்தைக் கைபேசியில் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து, சீனி வருத்தத்தில் மங்கிய என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு திரை முழுக்க ஒரு பிரியாணிப் படம் வந்து மூடியது. அதை அகற்றும் குறி திரைக்கு வெளியே எங்கோ கிடந்தது. தொலைபேசி எண்ணைக்கூடப் படத்துக்குள்தான் எழுதியிருந்தார்கள், தொட்டால் அழைப்புப் போகாது. கடையைத் திறந்துவிட்டு வாசலில் முள்ளுக்கம்பி அடித்து வைத்திருக்கிறான், விசரன்! வாய் நிறையத் திட்டினேன். திட்டி முடிந்த பிறகுதான், இந்தத் திட்டெல்லாம் முதலில் எனக்கே சேரவேண்டியது என்று உறைத்தது.

சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். பஸ் நிலையத்தடிக் கொமினிக்கேசனில், அதுதான் டெலிபோன் இன்டர்நெட் கடையில், நான் கணினியில் பெரிய விண்ணன். கொழும்புக்குப் பயணிகள் வான் ஓட்டிய முதலாளிக்கு இணையத்தளம் செய்து கொடுத்த மிதப்பு வேறு. தமிழ் எழுத்துரு இல்லாத கணினிகளில் அப்போது தமிழ் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதனால் தமிழில் தட்டிப் படமாக்கி ஒட்டிவிடுவோம். அதை மூளை என்று நினைத்துக்கொண்டோம், மண்ணாங்கட்டி.

செல் குண்டு விழுந்து கண் போனபிறகு, ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நீயாகவே பழகியிருந்தாய். உன் ஊர் தாழ்வுபாட்டிலிருந்து கடைக்கு வந்து, என் தளத்தைக் கேட்டுப் பார்த்து, காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுச் சொன்னாய்: "மச்சான், படம் வந்தா இது 'நோட்டீஸ் வண்' எண்டு உன்ரை ஃபைல் பேரைத்தான் சொல்லுது. உள்ள என்ன கிடக்கெண்டு இங்கிலீசில ரெண்டு வரி எழுதிவிடன்."

முதலாளியிடம் சொன்னேன். "குருடன் பாக்கவோ வெப்சைட்? நாளைக்குக் கழுதையும் வந்து சீட் கேக்கும்" என்றார். நானும் சிரித்தேன். அவரைத் திருப்திப்படுத்தச் சிரித்ததல்ல மச்சான். எனக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது.

பிறகுதான் கொழும்பில் தொலைபேசி இணைப்பாளர் வேலைக்கு உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். "ஒருத்தரிட்டையும் கேளாமல் நானே நேரம் பாத்துப் போகப்போறன்" என்றாய். அந்தக் கிழமை மதவாச்சி இராணுவச் சோதனை இறுகியதால், காலை ஏழு மணி வானை ஐந்து மணிக்கு மாற்றினார் முதலாளி. நான் அதைத் தமிழில் தட்டி, படமாக்கிப் போட்டேன். ஆங்கிலத்தில் கிடந்த பழைய ஏழு மணியை அப்படியே விட்டுவிட்டேன். ஆர் பார்க்கப்போகிறார்கள்?

நீ பார்த்தாய். ஆறரைக்கே தோய்த்து மடித்த சேட்டோடு வந்து, வான் நிற்குமிடத்தில் நின்றாய்.

"வான் போயிட்டுது மச்சான். அஞ்சுக்கே போயிட்டுது."

"நான் பாத்திட்டுத்தானே வந்தனான். ஏழு எண்டு கிடந்தது." கொஞ்சம் யோசித்தாய். "மேல 'நோட்டீஸ் டூ' எண்டும் ஒண்டு சொன்னது. அதுவோ?"

"ஓம்."

நீ ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அன்று வேறு வாகனமில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போனது. நீ கடைசிவரை கைத்தடவலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தாய். அன்று மத்தியானமே அந்த இரண்டு வரியையும் ஆங்கிலத்தில் எழுதிப்போட்டேன். எழுத இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை. என் கலியாண வீட்டில், பெண்வீட்டார் முன்னால்கூட, "எங்க எங்கட நோட்டீஸ் டூ?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

சாப்பாட்டை நேரே போய்ச் சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெடியனிடம் தளத்தின் குறையைச் சொன்னால், "இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை அண்ணை" என்கிறான். அன்று முதலாளியோடு நான் சிரித்த அதே சிரிப்பு. திறக்க முடியாதவன் எந்த வழியால் வந்து சொல்வான்?

நான் இப்போதும் இதே தொழில்தான். எந்தத் தளத்தையும் கொடுக்கமுதல் திரையை அணைத்துவிட்டு, காதால் ஒருமுறை முழுக்கக் கேட்பேன். எங்காவது ஒரு படம் தன் ஃபைல் பெயரை மட்டும் சொன்னால், கையிலிருக்கிற தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ஓம் மச்சான், எழுதுறன்" என்கிறேன்.