ஹவ் என்றால் கடல்

கோபன்ஹேகன்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

மங்கையர்க்கரசி எழுதிக்கொண்டது. நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். அங்கே சௌக்கியமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, கோபம் அப்படி. ஆனாலும் பிரஷர் மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், மறக்காதீர்கள்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் கத்தினால் இந்த ஓட்டல் முழுக்கக் கேட்கும், உங்களுக்கு மட்டும் கேட்காது. இங்கே மேசை இழுப்பறையில் ஓட்டல் பெயர் அச்சடித்த கனமான தாள் வைத்திருக்கிறார்கள். அதில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தினமும் வருகிற குட்மார்னிங் ரோஜாப்பூவை எல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறவர், இதையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

நமக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது என்றுதான் பிள்ளை ஆனந்து இந்த ஓட்டலில் அறை போட்டான். நீங்களும் விசாவுக்குக் கைரேகை வைத்தீர்கள். ஜெனரல் பஜாருக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கினீர்கள். பெட்டியில் பாதி இடத்தையும் பிடித்துக்கொண்டீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்து, "நக்கோ, வேணாம், நான் வரல. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வருது, தொட்டிய யாரு ரொப்புறது" என்கிறீர்கள். மேல் வீட்டு ஷோபாவிடம் சாவியைக் கொடுத்தால் அவள் ரொப்ப மாட்டாளா? மெட்டுகுடாவில் தொட்டி வைத்திருக்கிற வீடு நம்முடையது ஒன்றுதானா? வெளியூர் போகிறவர்கள் எல்லாம் தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டா போகிறார்கள்?

தொட்டி இல்லை, காதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆயுசில் பாதியை ஒர்க்ஷாப்பில் சம்மட்டிச் சத்தத்துக்குக் கொடுத்த காது அது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? டாக்டர் மெஷின் வைக்கச் சொன்னார், நக்கோ என்றீர்கள். பிள்ளையிடமாவது சொல்கிறேனே என்றேன், அதற்கும் நக்கோ. அப்பன் செவிடாகிவிட்டான் என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு விமான நிலையத்தில் நானும் வாய் கூசாமல் தண்ணீர்த் தொட்டி என்றேன்.

ஆனந்து இரண்டு கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தான். தொட்டிக் கதையைக் கேட்டு, "அவர் வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொன்னான். உங்கள் கோட்டை அப்படியே மடித்து வைத்துக்கொண்டான். அவன் மட்டும் என்ன யோக்கியம்? மூன்று வருஷமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரு தடவை லீவு இல்லை, ஒரு தடவை டிக்கெட் இல்லை. இந்த வீடு அவனுக்குச் சின்னதாகிவிட்டது என்று நீங்கள் முணுமுணுக்கிறீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நான் நடுவில் கிடக்கிறேன்.

ஓட்டலைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். ராஜாக்கள் வந்து தங்கின இடமாம், அவ்வளவு பழசு. வாசலில் உயரத் தொப்பி வைத்த ஆள் நின்று கதவைத் திறக்கிறான். நானே திறந்துகொள்கிறேன் என்றால் அவனுக்கு முகம் வாடிப் போகிறது. கூடத்தில் தொங்கும் விளக்கு நம் முன் அறை அளவுக்கு இருக்கிறது. குளியலறை முழுக்கச் சலவைக் கல், ஆனால் ஒரு மக் கிடையாது. கேட்டதற்குக் காப்பி குடிக்கிற கோப்பையைத் தட்டில் வைத்து, மேலே துணி போட்டுக் கொண்டுவந்தாள் ஒரு பெண். காலையில் மீனை வேகவைக்காமல் சர்க்கரையும் வினிகரும் போட்டு ஊறவைத்துப் பரிமாறுகிறார்கள். ரொட்டி கறுப்பாக, செங்கல் கனத்தில் இருக்கிறது. தயிர் மட்டும் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

எனக்கு ஆத்திரம் வருவது இதனால் எல்லாம் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வைத்துத் தொலைக்கிறார்கள். இரண்டு அங்கி, இரண்டு ஜோடிச் செருப்பு, சாயங்காலமானால் தலையணைக்கு ஒன்றாக இரண்டு சாக்லேட். நம் இருவர் பெயரையும் எழுதி வாழ்த்து அட்டை வேறு. ஐயா எப்போது வருவார் என்று ஒவ்வொருத்தராக வந்து கேட்கிறார்கள். தொட்டி ரொம்பியதும் வருவார் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

ஏன் இவ்வளவு பெரிய ஓட்டல் என்று அவனைத் திட்டினேன். சின்ன வயசில் நீங்கள் பஸ்ஸிலிருந்து ஃபலக்னுமா அரண்மனையைக் காட்டி, ஒருநாள் நம்மளும் இந்த மாதிரி எடத்துல தங்கணும்டா என்று சொன்னீர்களாம். எனக்கு ஞாபகமே இல்லை. அவனுக்கு இருக்கிறது.

வந்த அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. வரவேற்பில் இருந்த பெண், அறை உள்முற்றத்தைப் பார்த்து வேண்டுமா, வெளிப்பக்கமா என்று ஏதோ கேட்டிருக்கிறாள். அதே நேரத்தில் ஆனந்து என்னிடம், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டான். ஆமாம் என்பதற்கு நம் ஊர் வழக்கப்படி "ஹவ், ஹவ்" என்றேன். அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாகி, எதையோ தட்டி, சாவியை நீட்டிவிட்டாள். இவர்கள் பாஷையில் ஹவ் என்றால் கடலாம். நாம் சொல்கிற மாதிரியேதான் இவர்களும் சொல்கிறார்களாம். இந்தியாவிலிருந்து வந்த அம்மாள் டேனிஷ் பாஷையில் கடல் கேட்டாள் என்று பூரித்துப்போய், துறைமுகத் தண்ணீர் தெரிகிற அறையைக் கொடுத்துவிட்டாள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. ஹவ் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் சுண்டிப் போயிற்று. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் இங்கே இருந்திருந்தால் இந்த ஊர்க் கடல் மொத்தத்தையும் நமக்கே எழுதிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு நக்கோ, ஊருக்கெல்லாம் ஹவ், அதுதானே உங்கள் பழக்கம். பால்காரன் பாலை நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு ஹவ் என்று சொல்லி ஒரு வாரம் கறுப்புக் காப்பி குடிக்க வைத்தீர்கள். காலனி சங்கத்துக்கு நீங்களே செகரெட்டரியாக இருந்துவிடுங்கள் என்றார்கள், அதற்கும் ஹவ். சங்கத்து நாற்காலிகள் இன்னும் ஆனந்து அறையில்தான் அடுக்கியிருக்கின்றன. காதில் விழாததற்கு எல்லாம் ஹவ் சொல்லித் தலையாட்டினால் ஒருநாள் வீட்டையே யாராவது எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள், சொல்லிவிட்டேன்.

ஃபிரிட்ஜில் வைத்த புளிக்குழம்பைத் தீர்த்துவிடுங்கள். சாம்பாரைச் சுடவைக்காமல் சாப்பிடாதீர்கள்.

தங்கள் மேல் தீராத கோபத்துடன்,
மங்கை.


கோபன்ஹேகன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

முதல் கடிதத்துக்கு நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பியிருந்தீர்கள். இரண்டு பக்கம் திட்டியதற்குக் கட்டைவிரலா என்று பொங்கி எழுந்திருப்பேன், இன்றைக்கு அதற்கு நேரமில்லை. இதை உட்கார்ந்து படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, டீவியை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தியத்தை மீறிவிட்டேன். உங்கள் காதைப் பற்றி ஆனந்துவிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் முழுக்கப் படித்த பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை ஓட்டலுக்கு எதிரே தண்ணீர் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெயில் பளிச்சென்று அடிக்கிறது, காற்றில் மட்டும் பல் கிட்டுகிறது. உங்கள் கோட்டை என் காலில் போர்த்தினான். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பாசம் இருக்கிறவன் வீட்டுக்கு வந்தால் என்னடா, அப்படி என்ன செய்துவிட்டோம் என்று அவனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். காற்றில் விலகிய கோட்டை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "அப்பாதாம்மா வரவேணாம்னாரு" என்றான்.

எப்போது என்றேன். அந்தத் தீபாவளிக்கு என்றான்.

எந்தத் தீபாவளி என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஒர்க்ஷாப் சிநேகிதர் திருநாவுக்கரசு மகளை இவனுக்குக் கேட்டு, நீங்கள் வாக்கும் கொடுத்து, இவன் மாட்டேன் என்று சொல்லி, அந்த மாதம் முழுக்க நீங்கள் போனைக் கையில் தொடாமல் இருந்தீர்களே, அந்த வருஷம். அன்றைக்கு அவன் போன் செய்தான். நான் அடுப்பில் வடை போட்டுவிட்டுப் போனை உங்கள் கையில் கொடுத்தேன். அப்போது அவன் கேட்டிருக்கிறான், "என் மேல இன்னும் கோபமாப்பா? நான் அந்தப் பக்கமே வராம இருந்தா உங்களுக்கு நிம்மதியா?" என்று. நீங்கள், "ஹவ், ஹவ். ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பிள்ளை இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. ஹவ் என்பதையும் சந்தோஷம் என்பதையும் நீங்கள் சொல்கிற மாதிரியே சொல்லிக் காட்டினான். மூன்று வருஷமாக மனசுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அன்றைக்கு நம் தெருவில் வெடித்த வெடியில் நல்ல காது இருக்கிறவனுக்கே ஒன்றும் விழாது. போனை வைத்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பையன் கோபத்த விட்டுட்டான், நல்லாப் பேசினான்" என்று சொல்லி அதிரசம் இரண்டு கூடவே சாப்பிட்டீர்கள். அங்கே நீங்கள் அதிரசம் தின்ற நேரத்தில் இங்கே இவன் ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்திருக்கிறான்.

அதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் பெற்றவள் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சம்மட்டி, டாக்டர், மெஷின், நக்கோ, சத்தியம், எல்லாம். வீடியோவில் பேசும்போது நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பீர்களே, அவன் உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சை ஊகிக்கிறீர்கள் என்றும் சொன்னேன். கேட்டதும் எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றுவிட்டான். திரும்பி வந்து, "அப்போ நான் கேட்டது அவருக்கு விழவே இல்லையாம்மா?" என்றான். ஒரு சொல்கூட விழவில்லை என்றேன். ஆறடி ஆள், அந்தப் பெஞ்சிலேயே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். தொப்பிக்காரன் ஓடிவந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். ஒன்றுமில்லை போ என்று கையை ஆட்டி அனுப்பினேன்.

அப்புறம் அவனுக்கும் விட்டேன் ஒரு பாட்டு. காது கேட்காதவர் ஒருத்தர், கேட்டும் ஒரு தடவை திருப்பிக் கேட்காதவன் ஒருத்தன். அப்பா நிஜமாகவே அப்படிச் சொல்வாரா என்று என்னிடமாவது கேட்டிருக்கலாம் இல்லையா? ரோஷத்தில் மட்டும் அப்பனை உரித்து வைத்திருக்கிறான். உங்கள் இருவரையும் அடுத்தடுத்து நிற்க வைத்துக் கன்னத்தில் ஆளுக்கொன்று கொடுத்தால்தான் என் மனசு ஆறும்.

நிற்க வைக்கத்தான் ஏற்பாடு நடக்கிறது. என் விமானத்திலேயே அவனும் வருகிறான். அவன் அறையிலிருந்து சங்கத்து நாற்காலிகளை எடுத்துச் சங்கத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள். ஷோபா புருஷன் சுனில் கைகொடுப்பான். மெத்தையை வெயிலில் காட்டுங்கள். நாட்டுக்கோழி சொல்லிவையுங்கள், பிள்ளை மூன்று வருஷமாக அந்தச் செங்கல் ரொட்டியைத் தின்று வாழ்ந்திருக்கிறான். உங்கள் பங்குச் சாக்லேட் எல்லாம் என் பையில் பத்திரமாக இருக்கிறது.

காது டாக்டரிடம் அவனே உங்களைக் கூட்டிப்போகிறானாம். நக்கோ என்று ஆரம்பிக்காதீர்கள். தொப்பி வைக்கிறோம், கண்ணாடி வைக்கிறோம், மெஷின் வைத்தால் மட்டும் மானம் போய்விடுமா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. போனில் கேட்டதை இந்தத் தடவை நேரில் வந்து கேட்கப் போகிறேன் என்று சொல்கிறான். வாசலில் நின்று கேட்பானாம். உங்களுக்கு அது விழுமோ விழாதோ என்று எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது. கூர்க்கா விசில் ஊதுவான், ஆட்டோ ஹாரன் அடிக்கும், நீங்கள் பாட்டுக்கு எதையாவது சொல்லிவைப்பீர்கள். அதனால் அவன் என்ன கேட்கப் போகிறான் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்து மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"அப்பா, நான் உள்ள வரட்டுமா?"

இதுதான் கேள்வி. நாற்பது வருஷத்தில் உங்களிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அவன் உதடு அசைந்து நின்றதும், வேறு எதுவும் பேசாமல், முகத்தை அப்படி இப்படித் திருப்பாமல், அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை ஹவ் என்று சொல்லுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் திட்டிக்கொண்டே வேண்டுகிற,
உங்கள் மங்கை.