சிக்னலில் அணையும் வண்டி

மார்ச் 3, திங்கள்

த்ராட்டில் பாடியை மாற்றி வண்டியை எடுத்து வந்தேன். எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் பாகமாம். புத்தம் புதிது. "இனிமே தொந்தரவே குடுக்காதுக்கா" என்றார் மெக்கானிக். அவர் கடைத் தெருமுனை திரும்புவதற்குள் அணைந்துவிட்டது.

மார்ச் 4

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால்தான் வம்பு. எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, இறங்குகிறது, உடம்பெல்லாம் உதறி எஞ்சின் அணைகிறது. அணையப் போகிறது என்று தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துப் பிடித்துக்கொள்கிறேன். அப்படித்தான் இன்று என் வீட்டுக்காரரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பக்கத்து இருக்கையில் பேசாமல் உட்கார்ந்து வந்தார். டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அந்த இருக்கைதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வாய். பக்கவாதம் வந்ததிலிருந்து 'தண்ணி' என்று சொல்லவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பயிற்சி கொடுக்கும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வார்த்தைய நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவரே தேடட்டும். பேச்சு இந்த முதல் சில மாசத்துல வந்தாத்தான் உண்டு."

சொல்வது சுலபம். நெற்றி நரம்பு புடைக்க அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார என்னால் ஆகவில்லை. எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அவரும் தலையாட்டிவிடுகிறார். நான் சொன்னது தப்பாக இருந்தாலும் ஆட்டுகிறாரோ?

மார்ச் 7

ரப்பர் குழாய்களில் காற்று கசிகிறதா என்று பார்த்தார் மெக்கானிக். இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். "வண்டியோட கம்ப்யூட்டரே போயிருக்கும் போல" என்கிறார், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

மகள் போனில், "வித்துத் தொலைம்மா. டாக்ஸில போங்க" என்றாள். டாக்ஸியில் ஏற மாட்டார். போன மாதம் ஏற்றப் பார்த்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வண்டி போனால் பயிற்சி போச்சு. பயிற்சி போனால் — வேண்டாம், எழுத வேண்டாம்.

மார்ச் 10

வாசலிலேயே ஸ்டார்ட் செய்து வைத்துப் பார்த்தேன். அணையப் போகும்போதெல்லாம் மிதித்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு, "கா... கால்..." என்றார். கால் வலிக்கிறதாக்கும் என்று இறங்கிப் போய்ப் பிடித்துவிட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

என்ன கோபமோ. நானும் மனுஷிதானே.

மார்ச் 12

இன்றும் அதே. "கா... லை..."

"காலைலயா? சரி, காலைல பாத்துக்கலாம்" என்று வண்டியை அணைத்தேன். இந்தத் தடவை தலையாட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 13

பயிற்சிக்குப் போகவில்லை. பாலத்தின் மேல் அணைந்து தொலைத்தால்? இவர் இன்று வாயே திறக்கவில்லை.

மார்ச் 15, சனி

வாசலில் மறுபடியும். மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கடுத்துப்போனது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல், தெருவே பார்க்க. காலை மட்டும் எடுக்கவில்லை.

"காலை..." என்றார். எடுத்துக் கொடுக்க என் வாயில் ஒரு வார்த்தையும் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை. "எ... எ..." எவ்வளவு நேரமோ.

"எடு."

காலை எடு! கல்யாணமான புதிதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது தொண்டை வறள இதைத்தானே கத்தினார்.

எடுத்தேன். முள் விழுந்தது. எஞ்சின் உதறியது. பழக்க தோஷம், என் கால் மறுபடி போகப் பார்த்தது. நன்றாக இருக்கும் கையை நீட்டி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். உதறியது, உதறியது, அணையவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து முள் ஓரிடத்தில் நின்றது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "அட, ஆமாக்கா. புதுசு மாட்டினா, நிக்கும்போது எவ்வளவு காத்து வேணும்னு வண்டி தானா கத்துக்கணும். நடுவுல மிதிச்சா கத்துக்காது. சொல்ல மறந்துட்டேன்."

மறந்தாராம். அணைந்துவிடக் கூடாதே என்றுதான் மிதித்தேன். அதுதான் கற்றுக்கொள்ள விடாமல் செய்திருக்கிறது. வண்டியை மட்டுமா?

மார்ச் 24, திங்கள்

பயிற்சி முடிந்து வரும் வழியில் பெரிய சிக்னல். நின்றோம். வண்டி அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பச்சை விழுந்தது. எதிரே பச்சை விழுந்தது. என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனார். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்... பச்சை... விழுந்து... நேரமாச்சு." மூச்சு வாங்கினார். "போ."

அதற்குள் மறுபடி சிவப்பு. அப்படியே நின்றோம். எஞ்சின் அணையவில்லை.