தம்பி இடித்த சுவர்

மார்ச் 4

இன்று என் துறைமுகத்துக்குள் முதல் கப்பல் வந்தது. நேராகப் போய் அலைத்தடுப்புச் சுவரில் இடித்தது.

துறைமுகம் இன்னும் கட்டப்படவில்லை. கப்பலும் கிடையாது. சிமுலேட்டர் அறையில் அரைவட்டமாக ஒன்பது திரைகள், ஒரு சுக்கான், ஓடாத ஏசி, அவ்வளவுதான். சுவர் மட்டும் நான் வரைந்தது. அதன் நுனியில் உள்ள வளைவுக்காக மூன்று வருடம் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். இடித்தவன் என் தம்பி. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் ஓட்டி வரும் பைலட் வேலை அவனுக்கு. இதைக் கட்டி முடித்தால் தினமும் நுழையப் போகிறவனும் அவன்தான்.

"திரும்ப இடமே இல்லையேக்கா," என்றான்.

சின்ன வயதில் என் சைக்கிளை உடைத்தான், என் கைக்கடிகாரத்தை உடைத்தான். இப்போது இது.

மார்ச் 5

மறுபடியும் இடித்தான். வேண்டுமென்றே செய்கிறானோ?

மார்ச் 7

சிமுலேட்டரை இயக்கும் பெண்ணிடம் பக்கவாட்டு நீரோட்டத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னேன்.

"குறைச்சுடறேன் மேடம். கடல்கிட்ட யாரு சொல்றது?"

டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து, பழைய அளவே இருக்கட்டும் என்றேன், ஏதோ நானே யோசித்து எடுத்த முடிவு போல.

மார்ச் 11

ஓய்வு பெற்ற பைலட் ஒருவரை வரவழைத்தேன். முப்பது வருட அனுபவம். ஆறு தடவை உள்ளே கொண்டு வந்தார், ஆறும் சுத்தம். தம்பிக்கு உடனே போன் போட்டேன். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள அல்ல, குத்திக்காட்டத்தான். "சரிக்கா," என்று வைத்துவிட்டான்.

சாயங்காலமே அறிக்கை எழுதி முடித்தேன். வளைவைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி. என் எழுத்தை நானே மூன்று தரம் படித்து ரசித்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 12

அந்தப் பைலட்டிடம் அறிக்கையில் கையெழுத்து வாங்கப் போனேன். பெரியவர் பக்கத்தைப் புரட்டினார்.

"ஆறுன்னு போட்டிருக்கீங்க. நான் ஓட்டினது ஏழாச்சே?"

"முதல் தடவை கை பழகறதுக்குத்தான் சார். அதைச் சேர்க்கறதில்ல."

"அந்த முதல் தடவை இடிக்காம தப்பிச்சதே பெருசு. அதுக்கப்புறம் உங்க திரை எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. நாளைக்கு நிஜமா வர்ற கப்பல் வேற, காத்து வேற. அதுக்குக் கை பழக யாரும்மா நேரம் குடுப்பா?"

பேனாவை மூடித் திருப்பித் தந்தார்.

அவருடைய அந்த முதல் ஓட்டத்தின் பதிவை எடுத்துப் பார்த்தேன். கப்பலின் நீளம் இருநூற்று எண்பது மீட்டர். சுவருக்கும் அதற்கும் இடையில் எட்டு மீட்டர். தம்பி இடித்த இரண்டையும்கூட அதே 'கை பழக' என்ற தலைப்பில்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 13

அவன் திரையில இடிச்சான். நிஜத்துல இடிச்சிருந்தா? — எழுதவே கை வரல. எதுக்கு இந்த வளைவு? மேலேருந்து பார்த்தா அழகா இருக்கும்னு. மேலேருந்து யாரு பார்க்கப் போறா, காக்காவா?

மார்ச் 17

மேலதிகாரியிடம் ஒன்பது தடவையையும் அப்படியே சொன்னேன்.

"மூணு வருஷமா இந்த வளைவு வேணும்னது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். வேலை இரண்டு மாதம் தள்ளிப் போகிறது, என் பெயரைச் சொல்லி.

மார்ச் 18

மன்னிப்புக் கேட்கத் தம்பிக்கு போன் செய்தேன். ஆனால் நான் கேட்டது: "சாப்பிட்டியா?"

மே 20

நுனியை நேராக்கி, நுழைவாயிலை அறுபது மீட்டர் அகலப்படுத்திய புதுப் படம். நீரோட்டத்தில் கை வைக்கவில்லை. கை பழகும் சலுகையும் இல்லை. தம்பி வந்தான், உட்கார்ந்தான், ஓட்டினான். நான் பின்னால் நின்று அவன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சரியாகச் சுவரின் நுனியருகே திரும்பும்போது, "அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணுமாம். சனிக்கிழமை நீ கூட்டிட்டுப் போறியா, நான் போகட்டுமா?" என்றான்.

"முன்னாடி பாருடா."

"பாத்துட்டுத்தான்க்கா இருக்கேன்," என்று கொட்டாவி விட்டான்.

இருபது வருடமாகப் படம் வரைகிறேன். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.