உறைபனிக்கு முன்னே நட்ட பான்சிகள்

மல்கிரேவ், மெல்பேர்ண்
1976, குளிர்காலம்

இருபது வருஷமாக நான் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட, ஒரு தடவைகூட உடனே திரும்பிப் பார்க்காத என் அன்பானவரே,

மாசியில் பான்சிப் பூ விதையைத் தட்டில் தூவிவிட்டுப் பங்குனியில் கண்ணை மூடிவிட்டீர்கள். உடுப்பு, புத்தகம் என்றால் பெட்டியில் கட்டி வைக்கலாம். குசினி யன்னலில் முளைத்து நிற்கிற நாற்றை நான் என்ன செய்வது?

உங்கள் வழக்கம் தெரிந்ததுதானே. குளிர் முடியும்வரை குசினிக்குள் வைத்திருந்து, வெயில் தொடங்கியபின் வெளியே நடுவீர்கள். ஒவ்வொரு வருஷமும் நாற்று நூல்போல நீண்டு, இரண்டு பூப் பூத்து, கோடையில் சுருண்டுவிடும். "இது குளிர் தாங்கிற சாதி. இலையுதிர் காலத்திலேயே வெளியில நடுங்கோ. உறைபனி வாறதுக்கு முன்னம் வேர் பிடிச்சிடும்" என்று எத்தனை தரம் தொண்டை கிழியச் சொன்னேன்! "பச்சைப் பிள்ளையளை ஆராவது பனியில விடுவினமே?" என்பீர்கள். பாலம் கட்டத் தெரிந்த மனிதருக்கு விதைப் பையின் பின்பக்கத்தை வாசிக்கத் தெரியாதா?

இந்த முறை நான் கேட்கவில்லை. இங்கே இலையுதிர் காலமான சித்திரையில் நாற்றைப் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்து, மெல்ல மெல்லக் குளிருக்குப் பழக்கி வாசலோரம் நட்டேன். சிட்னியிலிருந்து உங்கள் அண்ணர் ட்ரங்க் கோல் எடுத்தார். "தம்பி செய்த மாதிரியே செய், பிள்ளை. அவன்ர கையால போட்ட கடைசி விதையெல்லே?" என்றார். மகள் மாலினி என்னோடு கதைக்கவே இல்லை. போன பிறகும் ஆள் சேர்த்துக்கொண்டு என்னோடு வாதாடுகிறீர்களே, இது நியாயமா?

ஆனியில் ஒரு காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பான்சிகள் தண்டு மடங்கி, இலை விறைத்து, நிலத்தோடு படுத்திருந்தன. மாலினி பள்ளி உடுப்போடு ஓடி வந்தாள்.

"அப்பான்ர பூக்கண்டெல்லாம் செத்துப்போச்சுது! இப்ப உங்களுக்குச் சந்தோஷமோ?"

"சாகாது. தொடாதை" என்றேன்.

அவள் கேளாமல் உள்ளே ஓடி, கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். "உந்தச் சுடுதண்ணியை ஊத்தினால்தான் சாகும்!" என்று கையைப் பிடித்தேன். பனிக்குள் நின்று, ஒரு கேத்தலை ஆளுக்கொரு பக்கம் இழுத்து, இரண்டு பேரும் அழுதோம்.

அவள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் வேலியைத் தாண்டி வந்ததும் ஒரு தண்டு அசைந்தது. பிறகு இன்னொன்று. மத்தியானத்துக்குள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன.

"அப்பா இதைப் பாத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள்.

"தான் வாங்கின விதை நல்ல விதையெண்டு சொல்லியிருப்பார்."

சிரித்தோம். நீங்கள் போனபின் அதுதான் முதல் சிரிப்பு.

இப்போது ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்திருக்கின்றன. "நான் சொன்னனான்தானே" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் வென்ற ஒரே சண்டை இது. தோற்றவர் எங்கே?

வாற வருஷமும் நடுவேன், இது சத்தியம். மாலினி விதை தூவட்டும். எப்போது வெளியே நடுவது என்பதை மட்டும் நான்தான் சொல்வேன். குறுக்கே பேசாதீர்கள். பேசினால், அதுவும் நல்லதுதான்.

கோபம் இன்னும் தீராத உங்கள் மனைவி,
மாலினியின் அம்மா