உருண்டை மெத்தென்று வந்த நாள்

அன்புள்ள அம்மாவுக்கு, பெரியவள் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

அன்று சாப்பிட்டு எழுந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது போனின் வெளிச்சம்தான். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போன் அணையாமல் இருந்தது. நான் சமைத்துக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டிருந்தாய். பேச்சின் நடுவில், "முதலாளியம்மா கூப்பிடறாங்க, இரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். லைன் போய்விட்டது என்று நினைத்து, ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு நான் தட்டு வைக்கப் போய்விட்டேன். சாப்பிட்டு முடிந்தபின் எடுத்துக் காதில் வைத்தால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "அம்மா" என்றேன். லைன் அறுந்துவிட்டது.

கொத்துக்கறி உருண்டையும் கொண்டைக்கடலையும் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். அத்தையும் வந்திருந்தாள். உருண்டை விரல் பட்டாலே பிட்டுக்கொண்டு வந்தது. அப்பா மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, "உங்கம்மாவுக்கு இந்தப் பக்குவம் வராது" என்றார். அத்தை உடனே, "அண்ணி உருண்டையக் கடிச்சுத்தானே எனக்குப் பல்லே ஆட ஆரம்பிச்சுது" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். "அம்மா இருந்தப்ப நம்ம வீட்டுச் சுத்தியல் சமையல் ரூம்லதான் இருக்கும்" என்றேன்.

சின்னவளுக்குப் புரையேறிவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன பேச்சுப் பேசறா பாரேன்" என்று அத்தை என் முதுகில் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலும் சரி, நின்ற பிறகும் சரி, என் பேச்சைக் கேட்டு யாரும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மா. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

உன் உருண்டை ஏன் கெட்டியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தானே. கைப்பிடிக் கறியில் கடலை மாவைக் கொட்டிப் பிசைவாய். மாவு வாசனை தெரியாமல் இருக்க மிளகும் சோம்பும் கூடப் போடுவாய். குழம்பில் கரைந்துவிடாமல் இருக்க இறுக்கி இறுக்கி உருட்டுவாய். "அப்பாகிட்ட சொல்லாதே, அவருக்கு மனசு கஷ்டமாயிடும்" என்பாய். இப்போது நான் மாவே சேர்ப்பதில்லை. முழுக்கக் கறிதான். அது நீ அங்கே பாத்திரம் தேய்த்து அனுப்புகிற பணத்தில் வாங்கிய கறி. என் கைப்பக்குவம் அவ்வளவுதான். அதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, மூட வேண்டிய நேரத்தில் திறந்தேன்.

அடுத்த முறை நீ கூப்பிட்டபோது லீவுக்கு வரவில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். "பெரியவ வீட்டை நல்லா பாத்துக்கறா, நான் வந்து என்ன பண்ணப் போறேன்" என்றாயாம். உனக்குக் கூடுதல் வேலை கிடைத்திருக்கும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்று நாங்கள் பேசிச் சிரித்தது உனக்குக் கேட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. போனை என்னிடம் நீட்டினார். துணி காய வைக்க வேண்டும் என்று நான் மாடிக்கு ஓடிவிட்டேன். அங்கே ஒரு துணியும் இல்லை.

சின்னவள் இன்னமும் உன் புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அப்பா வேன் ஓட்டிவிட்டு வந்தால் உன் போன் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார். வீட்டை நான் பார்த்துக்கொள்ளவில்லை அம்மா, சமைக்கிறேன், அவ்வளவுதான். என்னைத் திட்டுவதற்காகவாவது லீவுக்கு வந்துவிடு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவர் அப்பா. அவரிடம் நீ மறைக்கச் சொன்னதை மீறுகிறேன், இதற்கும் சேர்த்துத் திட்டு. அவர் படிக்கட்டும் என்று கவரை ஒட்டாமல் அவருடைய வேன் சாவிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

உன்,
பெரியவள்