நிரம்பிய அண்டா

என்னங்க,

நம் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது! நான்கு மாதத்துக்குப் பிறகு நேற்றுக் காலை பீய்ச்சிக்கொண்டு வந்தது! குடம், அண்டா, உங்கள் பழைய ஹெல்மெட் வரை நிரப்பினேன். சின்னவள் இரண்டு முறை குளித்தாள்.

அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிக்காரர்கள் பார்க்க வருவதால்தான் திறந்துவிட்டார்களாம். நம் வீட்டுக்குள்ளேயே வந்து அண்டாவையும் என்னையும் சேர்த்துப் படம் பிடித்தார்கள்!

"தண்ணி நல்லா வருதாம்மா?" என்று கூட வந்த அதிகாரி கேட்டார்.

எனக்கோ வாயெல்லாம் பல். "பாத்தா தெரியலையா சார்? வைக்க இடமில்ல!" என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் கார் கிளம்பியதும் குழாய் நின்றுவிட்டது. இன்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: தட்டுப்பாடு இல்லாத தெருவுக்கு இலவசத் தண்ணீர் லாரி இனி வராதாம்.

தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. படத்தில் மட்டும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்!

இப்படிக்கு,
லாரியை நிறுத்திய உங்கள் வாயாடி