ஊசிக்கு அழவில்லை

என் மகளுக்கு,

ஊசிக்குப் பயந்து நான் அழுதேன் என்று உன் அத்தை சொல்லியிருப்பாள். அது தவறு. உன் அப்பா போன அன்றுகூட நாலு பேர் பார்க்க அழாதவள் நான். கான்வென்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

எங்கள் தெருவில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். ஊசி போட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் என்று தாய்மார்கள் தயங்கி நின்றார்கள். நான் அதட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரி விடவில்லை.

"பேசறது சுலபம் பெரியம்மா. முதல்ல நீங்க கையை நீட்டுங்க, பாக்கலாம்!"

நீட்டினேன். எனக்கும் டெட்டனஸ் ஊசி போட வேண்டியதுதான் என்றாள் நர்ஸ்.

"நல்லாவே குத்தும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். தெருவே சிரித்தது. அதன்பின் ஒருத்தி பாக்கியில்லாமல் வரிசையில் வந்தார்கள்.

தையல்காரி தன் மகளை என் மடியில் வைத்தாள். ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்கும் உன் மகள் வயதுதான். என் கண் கலங்கியது அப்போதுதான்.

உன் மகளுக்கு முதல் ஊசியில் வந்த காய்ச்சல் மறுநாளே போய்விட்டது. நீதான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறாய். அடுத்த ஊசிக்கு மடி கொடுக்க நான் வருகிறேன்.

போனில் பேச்சை மாற்றிவிடுவாய். தேதியை எழுதி அனுப்பு.

உன் அம்மா